இலைமேல் மருந்துத் துளி ஏன் நிற்பதில்லை? நெல், வெங்காயம், கோஸ், சேம்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெங்காயத்துக்கு அடித்த மருந்து முத்து முத்தாக உருண்டு பாத்தியில் விழுகிறது. டேங்கில் மிச்சம் இருந்ததைப் பக்கத்துப் பீன்ஸுக்கு அடித்தால் இலை நன்றாக நனைகிறது. மருந்தும் தண்ணீரும் தெளிப்பானும் ஒன்றுதான். மாறியது இலையின் மேற்பரப்பு மட்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த மேடுபள்ளம் திரவத்தை என்ன செய்கிறது, அதைத் தெரிந்துகொண்டு வயலில் என்ன செய்யலாம் என்பதற்கான பதில்கள் இவை.

எல்லா இலையிலும் மெழுகு இருக்கிறதே. பிறகு ஏன் நெல், வெங்காயம் போன்ற சில பயிர்களில் மட்டும் துளி உருள்கிறது?

மெழுகு பாதிக் காரணம்தான். வழவழப்பான மெழுகுப் பரப்பில் ஒரு துளித் தண்ணீர் வைத்தால் அது குமிழாக நிற்கும், ஆனால் உருண்டு ஓடாது. அங்கே அதன் சேர்கோணம், அதாவது துளியின் விளிம்பு பரப்போடு சேரும் கோணம், சுமார் 105 பாகை. மெழுகை விடத் தண்ணீரை அதிகம் வெறுக்கும் ஃப்ளோரின் பூச்சைப் பூசினாலும், பரப்பு வழவழப்பாக இருக்கும்வரை 120 பாகைக்கு அருகில் நின்றுவிடும். நெல், சேம்பு, தாமரை இலைகளிலோ 150 பாகையைத் தாண்டுகிறது. அந்த மிச்சக் கோணம் முழுக்க இலையின் வடிவத்தால் வருவது.

தாமரை இலையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் அளவில் சின்னச் சின்னக் குமிழ் மேடுகள் தெரியும். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் இப்படிச் சில மேடுகள் அடங்கிவிடும். ஒவ்வொரு மேட்டின் மேலும் 100 நானோமீட்டர் தடிமனில் மெழுகுக் குழாய்கள் முடி போல முளைத்திருக்கும். துளி இந்த நுனிகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, அதன் அடியில் பெரும்பகுதி காற்று. தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் காலங்காலமாகச் சொல்லி வரும் ஒட்டாத் தன்மைக்கு இந்தக் காற்றுதான் காரணம். ஜெர்மனியின் பார்த்லாட், நைன்ஹுயிஸ் இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான் இது உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

நெல் இலையில் இன்னொரு விசேஷம் உண்டு. மேடுகள் நரம்பின் போக்கிலேயே வரிசை கட்டி நிற்கின்றன. அதனால் துளி நீளவாக்கில் சுலபமாக உருளும், குறுக்கே போகத் தயங்கும். நெல்லில் மருந்து இலை நுனிப்பக்கமோ தண்டுப்பக்கமோ வரி பிடித்து ஓடுவது இதனால்தான்.

சேர்கோணம் என்றால் என்ன?

துளியின் விளிம்பு இலையைத் தொடும் இடத்தில், துளிக்கு உள்பக்கமாக அளக்கும் கோணம். 90 பாகைக்குக் கீழே இருந்தால் தண்ணீர் பரவப் பார்க்கிறது, மேலே இருந்தால் ஒதுங்கப் பார்க்கிறது. வழவழப்பான பரப்பில் இந்தக் கோணம் எப்படி அமைகிறது என்பதை 1805இல் தாமஸ் யங் விளக்கினார்.

சொரசொரப்பாக இருந்தால் தண்ணீரை நன்றாகப் பிடித்துக்கொள்ளத்தானே வேண்டும்?

சொரசொரப்புக்கு என்று தனி விருப்பம் கிடையாது. பரப்புக்கு ஏற்கெனவே இருக்கும் குணத்தை அது பெருக்கிக் காட்டும், அவ்வளவுதான். பிடிக்கும் பரப்பை இன்னும் பிடிக்க வைக்கும், ஒதுக்கும் பரப்பை இன்னும் ஒதுக்க வைக்கும். இந்த ஒன்று புரிந்தால் மீதிக் கேள்விகள் பாதி தீர்ந்துவிடும்.

கணக்காகவே பார்க்கலாம். மேடுபள்ளத்தை எல்லாம் விரித்து அளந்தால், தட்டையான பரப்பைப் போல எத்தனை மடங்கு வருகிறதோ, அத்தனை மடங்காகச் சேர்கோணத்தின் கொசைன் பெருகும் என்று 1936இல் வென்சல் காட்டினார். 105 பாகையின் கொசைன் மைனஸ் 0.26. இரண்டு மடங்குப் பரப்பில் அது மைனஸ் 0.52 ஆகும், கோணம் 121 பாகைக்கு ஏறும். இதே பரப்பில் திரவத்தை மாற்றி, வழவழப்பான மெழுகில் 60 பாகை வருமாறு செய்தால் என்ன ஆகும்? 60 பாகையின் கொசைன் 0.5. இரண்டால் பெருக்கினால் 1. கோணம் பூஜ்யம், அதாவது திரவம் தகடாகப் பரவிவிடும்.

வென்சலின் கணக்கு, திரவம் பள்ளத்துக்குள் முழுதாக இறங்கியிருக்கும்போது பொருந்துவது. அடியில் காற்று சிக்கியிருக்கும் நிலைக்கு 1944இல் கேஸி, பாக்ஸ்டர் இருவரும் தனிச் சூத்திரம் தந்தார்கள். துளியின் அடிப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு மட்டும் மெழுகைத் தொட்டு, மீதி காற்றின் மேல் இருந்தால், அதே 105 பாகை மெழுகில் கோணம் 158 பாகை ஆகிவிடும். நெல், சேம்பு இலைகளில் நாம் பார்ப்பது இதைத்தான்.

ஆக, தண்ணீரை விரட்டும் அதே மேடுபள்ளம், திரவத்தின் குணம் ஓர் எல்லையைத் தாண்டியதும் அதை உறிஞ்சிப் பரப்பும் வாய்க்கால் வலையாக மாறிவிடுகிறது. மருந்தோடு கலக்கும் ஒட்டும் திரவத்தின் வேலை அந்த எல்லையைத் தாண்ட வைப்பது.

ஒட்டும் திரவம் உண்மையில் ஒட்ட வைக்கிறதா, பரப்புகிறதா?

கடையில் எல்லாவற்றுக்கும் ஒட்டும் திரவம் என்ற ஒரே பெயர்தான். வேலை இரண்டு விதம். ஒருவகை, தண்ணீரின் பரப்பு இழுவிசையை (துளியைத் தோல்போல இழுத்துப் பிடித்துக் குமிழாக்கும் விசையை) குறைத்துப் பரப்பும். இதுதான் நனைப்பான். இன்னொரு வகை, காய்ந்த பிறகு பிசின் படலமாகி, மழையில் மருந்து கழுவிப்போகாமல் காக்கும். நெல், வெங்காயம், கோஸ் போன்ற ஒட்டாத இலைகளுக்கு முதலில் வேண்டியது பரப்புவது. பரவாத துளியை ஒட்ட வைக்க முடியாது, அது காய்வதற்கு முன்பே தரைக்குப் போயிருக்கும்.

20 டிகிரி செல்சியஸில் நல்ல தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72.8 மில்லிநியூட்டன். சாதாரண அயனியற்ற (மின்சுமை இல்லாத) நனைப்பான்கள் அதை 30 முதல் 35 வரை இறக்கும். சிலிக்கான் வகை என்று விற்பவை 20 முதல் 22 வரை கொண்டுபோகும். இந்த மூலக்கூறுகளின் ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும், மறுமுனைக்கு மெழுகு பிடிக்கும். துளியின் தோலில் வரிசையாக நின்று தண்ணீரையும் மெழுகையும் சமாதானப்படுத்துகின்றன. தோல் முழுக்க நிரம்பிய பிறகு கூடுதலாக ஊற்றுபவை துளிக்குள்ளேயே கொத்துக் கொத்தாகச் சேர்ந்துவிடும், பரப்பு இழுவிசை அதற்கு மேல் இறங்காது.

எவ்வளவு ஊற்ற வேண்டும்?

புட்டியில் எழுதியிருக்கும் அளவுதான் முதல் கணக்கு. பொதுவாக அயனியற்ற வகை லிட்டருக்கு 0.5 முதல் 1 மி.லி. வரை, சிலிக்கான் வகை 0.25 முதல் 0.5 மி.லி. வரை பரிந்துரைக்கப்படுகிறது. 10 லிட்டர் டேங்குக்கு 0.5 மி.லி. கணக்கு என்றால் 5 மி.லி. அதை மூடியால் அளக்காமல் ஊசிக்குழலால் அளந்து ஊற்றுங்கள். மூடி அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

அதிகமாகப் போனால் நஷ்டம் மூன்று வகை. படலம் மெலிந்து, இலை தாங்கும் அளவுக்கு மேல் வழிந்து, இலை நுனியில் சொட்டும். சொட்ட ஆரம்பித்தால் துளியாக நின்றிருக்க வேண்டிய மருந்தும் சேர்ந்தே போகும். இரண்டாவது, சிலிக்கான் வகைக் கரைசல் இலைத்துளைகள் வழியாகவே உள்ளே புகக்கூடியது. பரப்பு இழுவிசை சுமார் 30க்குக் கீழே போனால்தான் அது நடக்கும், இந்த வகை எளிதாக அங்கே போய்விடுகிறது. உள்ளே போகக்கூடாத மருந்து போனால் இலை கருகும். மூன்றாவது, இலையின் மெழுகே பாதிக்கப்படும்.

என் பயிருக்கு எது சரி என்று வயலிலேயே சோதிக்க முடியுமா?

முடியும். அரை மணி நேர வேலை. மருந்து கலக்காமல், தண்ணீரும் ஒட்டும் திரவமும் மட்டும் வைத்துச் செய்யுங்கள்.

வேண்டியவை: நீங்கள் தெளிக்கப் பயன்படுத்தும் அதே கிணற்றுத் தண்ணீர், நான்கு 1 லிட்டர் பாட்டில்கள், யு-100 இன்சுலின் ஊசிக்குழல், ஒரு சிறு பலகை, இருபக்கமும் ஒட்டும் டேப், கைப்பேசி. இன்சுலின் ஊசிக்குழலில் 1 யூனிட் என்பது 0.01 மி.லி., 50 யூனிட் என்றால் அரை மி.லி. சின்ன அளவை அளக்க இதைவிட மலிவான கருவி இல்லை.

ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீர். மற்ற மூன்றில் லிட்டருக்கு 0.25, 0.5, 1 மி.லி. என்று கலந்து, நுரை எழாமல் மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் கலக்குங்கள். குறைந்த அளவில் இருந்து மேலே போனால் ஊசிக்குழலை ஒவ்வொரு முறையும் கழுவும் தொல்லை குறையும்.

இலையைக் காம்பைப் பிடித்துப் பறியுங்கள். சோதிக்கும் பக்கத்தில் விரல் படக்கூடாது. பறித்த அரை மணிக்குள் முடித்துவிடுங்கள், வாடிய இலை வேறு கதை சொல்லும். பலகையில் டேப் ஒட்டி அதன்மேல் இலையைச் சமமாக வையுங்கள். ஊசி முனையில் அரை யூனிட் அளவுக்குத் துளியைத் தொங்கவிட்டு, இலையில் பட்டும் படாமல் தொட்டு இறக்குங்கள். உயரத்தில் இருந்து விடாதீர்கள். விழும் வேகமே துளியைப் பள்ளத்துக்குள் தள்ளிவிடும்.

பத்து நொடி விட்டுப் பக்கவாட்டில் இருந்து, கேமராவைத் துளியின் மட்டத்துக்கே இறக்கிப் படம் எடுங்கள். படத்தில் துளியின் உயரத்தையும் அடி அகலத்தையும் பாருங்கள். உயரம், அடி அகலத்தில் சரிபாதி என்றால் கோணம் 90 பாகை. பாதிக்கும் குறைவு என்றால் பரவுகிறது. வெறும் தண்ணீருக்கு நெல்லிலோ சேம்பிலோ துளி கிட்டத்தட்ட முழு உருண்டையாக நிற்கும், பலகையைச் சற்றே அசைத்தாலே ஓடிவிடும்.

பிறகு பலகையைச் சாய்த்துப் பாருங்கள். இதை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் கோணம் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு இலைகளில் ஒன்று துளியைப் பிடித்துக்கொள்ளும், ஒன்று விட்டுவிடும். ரோஜா இதழில் துளி உருண்டையாகத்தான் நிற்கும், இதழைத் தலைகீழாகப் பிடித்தாலும் விழாது. பள்ளங்களுக்குள் தண்ணீர் ஓரளவு இறங்கிக் கால் ஊன்றியிருப்பதால் அப்படி. வயலில் கணக்குக்கு வருவது சாய்த்தால் ஓடுகிறதா என்பதுதான்.

சாய்த்தாலும் துளி ஓடாமல் நின்று, உயரம் அடி அகலத்தில் பாதிக்கும் குறைவாக இருக்கும் மிகக் குறைந்த அளவு எதுவோ, அதுதான் உங்கள் பயிருக்கான அளவு. 0.25இலேயே நின்றுவிட்டால் 1 மி.லி. ஊற்றுவதில் அர்த்தமில்லை. 1 மி.லி.க்கும் நிற்கவில்லை என்றால் அளவைக் கூட்டாதீர்கள், சரக்கை மாற்றுங்கள்.

இன்னொன்றையும் செய்து பாருங்கள். ஒரு சேம்பு இலையின் பாதியைக் கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்துவிட்டு இரு பாதிகளிலும் தண்ணீர் விடுங்கள். தொடாத பாதியில் துளி வெள்ளிக்குண்டாக ஓடும். தேய்த்த பாதியில் அங்கேயே அப்பிக்கொள்ளும். இலையில் மெழுகு இன்னமும் இருக்கிறது, மெழுகுப் படிகங்களின் நிமிர்ந்த நிலைதான் போய்விட்டது. இந்தக் கேள்விபதில் முழுவதையும் அந்த ஒரு இலையில் பார்த்துவிடலாம்.

சோப்பு, ஷாம்பு, சலவைத்தூள், கஞ்சி ஊற்றலாமா?

காதி சோப்பு பழகிய வழி. வேப்ப எண்ணெயை (3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 30 மி.லி.) தண்ணீரில் கலக்க வைக்கவும் அது உதவும். ஆனால் உப்புத்தன்மை மிகுந்த ஆழ்குழாய்த் தண்ணீரில் சோப்பு, கால்சியத்தோடு சேர்ந்து தயிர் போலத் திரியும். நனைக்கும் சக்தியும் போகும், நாசிலும் அடைக்கும். முதலில் ஒரு பாட்டில் தண்ணீரில் சோப்பைக் கரைத்துக் குலுக்கிப் பாருங்கள். நுரை நிற்காமல் வெள்ளைப் படிவு மிதந்தால் அந்தத் தண்ணீருக்குச் சோப்பு ஆகாது, அயனியற்ற நனைப்பானுக்குப் போங்கள்.

சலவைத்தூள் வேண்டாம். அதன் காரத்தன்மை பல மருந்துகளை டேங்கிலேயே சிதைக்கும், இலையையும் கருக்கும். ஷாம்பு துளியைப் பரப்பும்தான், ஆனால் நுரை அளவுக்கு மீறிப் பொங்கும், ஒவ்வொரு பாக்கெட்டிலும் சரக்கு எவ்வளவு என்பதும் நம் கையில் இல்லை.

கஞ்சியும் மைதாப் பசையும் ஒட்டும், பரப்பாது. பரப்பு இழுவிசையை அவை போதுமான அளவு குறைப்பதில்லை. மாமரத்தில் கரும்பூசணத்துக்கு 5 சதவீத மைதாக் கஞ்சி தெளிப்பது வேறு நோக்கத்துக்காக: அது காய்ந்து செதிலாக உரியும்போது பூசணப் படலத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும்.

ஒட்டும் திரவம் சேர்த்தும் துளி தெறிக்கிறது. ஏன்?

நிதானமாக வைத்த துளியும் நாசிலில் இருந்து பாய்ந்து வரும் துளியும் ஒன்றல்ல. பாய்ந்து வரும் துளி இலையில் மோதித் தட்டையாகி, அடுத்த சில மில்லிநொடிகளில் சுருங்கித் துள்ளி எழுகிறது. அந்த நேரத்துக்குள் ஒட்டும் திரவத்தின் மூலக்கூறுகள் புதிதாக விரிந்த தோலுக்கு வந்து சேர்ந்தால்தான் பலன். மெதுவாக நகரும் சரக்கு, பலகைச் சோதனையில் பிரமாதமாகப் பரவிவிட்டு வயலில் தோற்கும்.

துளி பெரிதானால் துள்ளலும் அதிகம். அதோடு 400 மைக்ரோமீட்டர் துளி ஒன்றில் இருக்கும் மருந்தை 200 மைக்ரோமீட்டர் துளிகள் எட்டாகப் பிரிக்கலாம். பெரிய துளி ஒன்று தெறித்தால் எட்டுத் துளியின் மருந்து போச்சு. அதற்காக 100 மைக்ரோமீட்டருக்கும் கீழே போனால் காற்றில் பக்கத்து வயலுக்குப் போய்விடும். நாசில் துளை தேய்ந்து அகன்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தேய்ந்த நாசில் பெரிய துளியைத்தான் தரும்.

தண்ணீர் பட்டால் மஞ்சளில் இருந்து நீலமாகும் சோதனைத் தாளை வயலில் குத்திப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாள் வந்த துளியை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். எத்தனை வந்தது என்றுதான் அது சொல்லும், நெல் இலையில் எத்தனை தங்கியது என்று சொல்லாது.

கத்தரி, தக்காளி இலைகளில் ரோமம் இருக்கிறதே?

ரோமம் இரண்டு விதமாகவும் வேலை செய்யும். வெறும் தண்ணீர்த் துளி ரோமங்களின் மேலேயே தொங்கிக் காய்ந்துவிடலாம், இலைத் தோலைத் தொடுவதே இல்லை. நனைப்பான் சேர்த்தால் அதே ரோமங்கள் திரிபோல இழுத்து அடிக்குக் கொண்டு சேர்க்கும். இங்கே குறைந்த அளவே போதும்.

ஒரே பயிரில் ஒரு வாரம் ஒட்டுகிறது, ஒரு வாரம் ஒட்டவில்லை.

இலையின் வயது மாறியிருக்கும். மக்காச்சோளத்தின் முதல் ஐந்தாறு இலைகளில் மெழுகுப் படிகங்கள் அடர்த்தி, தண்ணீர் உருளும். அதற்குப் பின் வரும் இலைகள் நனையும். கோஸில் புது இலைகள் தேய்ந்த மெழுகைத் திரும்ப வளர்த்துக்கொள்ளும், முற்றிய வெளி இலைகளில் மழையும் உரசலும் கழித்தது அப்படியே நிற்கும். சாலையோர வயலில் புழுதி படிந்த இலை நன்றாக நனைவது போலத் தெரியும், ஆனால் மருந்து புழுதியில்தான் போய்ச் சேர்கிறது. பனி இறங்கிய விடியலில் இலைமேல் ஏற்கெனவே துளிகள் இருக்கும். மருந்துத் துளி அவற்றோடு சேர்ந்து கனத்து உருண்டுவிடும். பனி உலரட்டும்.

மாவுப்பூச்சிக்கு மருந்து ஏறுவதில்லையே?

பூச்சியின் முதுகில் இருக்கும் வெள்ளை மாவும் மெழுகுதான், அங்கேயும் இதே காற்று அடுக்குக் கதை. நனைப்பான் இல்லாத தெளிப்பு பூச்சியைத் தொடுவதே இல்லை. ஆனாலும் தெளிப்பை மட்டும் நம்ப வேண்டாம். 2008இல் கோவைப் பகுதியில் பரவிய பப்பாளி மாவுப்பூச்சியைக் கடைசியில் அடக்கியது, 2010இல் கொண்டுவந்து விடப்பட்ட அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவி.

டேங்கில் எந்த வரிசையில் கலப்பது?

பாதி டேங்க் தண்ணீர். மருந்தைத் தனி வாளியில் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். முக்கால் டேங்க் நிரப்புங்கள். ஒட்டும் திரவத்தைக் கடைசியில் ஊற்றி, மீதித் தண்ணீரை ஓரமாக வழியவிட்டு நிரப்புங்கள். முதலிலேயே அதை ஊற்றிவிட்டுக் குழாயைத் திறந்தால் டேங்க் நிரம்புவதற்குள் நுரை வழியும், நுரையோடு மருந்தும் வழியும். சிலிக்கான் வகை கலந்ததை அன்றே முடித்துவிடுங்கள். அமிலமோ காரமோ மிகுந்த தண்ணீரில் அது சிதைந்துவிடும்.

எதற்குச் சேர்க்கவே கூடாது?

மண்ணில் விழ வேண்டிய களைக்கொல்லிக்குத் தேவையில்லை. பால்போல் கலங்கும் இ.சி. வகை மருந்துகளிலும் கிளைபோசேட் களைக்கொல்லியின் பல தயாரிப்புகளிலும் நனைப்பான் ஏற்கெனவே இருக்கிறது. லேபிள் கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சை போல, பழத்தின் மேல் படர்ந்த சாம்பல் மெழுகுக்கே விலை இருக்கும் பயிரில், பழம் நிறம் மாறிய பிறகு சேர்த்தால் திட்டுத் திட்டாகக் கறை விழும்.

வெள்ளத்தில் மூழ்கிய நெல் இலை வெள்ளி போல மின்னுகிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

ஒன்றேதான். ஒரு நெல் இலையைப் பறித்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் முக்கிச் சாய்வாகப் பாருங்கள். பச்சை மறைந்து பாதரசம் பூசியது போலத் தெரியும். மேடுகளுக்கு இடையில் சிக்கிய காற்றுப் படலத்தில் பட்டு ஒளி முழுதாகத் திரும்புகிறது. மூழ்கிய பயிர் அந்தப் படலத்தின் வழியாகத்தான் தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடையும் ஆக்சிஜனையும் எளிதாக இழுத்துக்கொள்கிறது. ஆய்வகங்களில் இந்தப் படலத்தை நீக்க, இலையில் நீர்த்த நனைப்பான் கரைசலைத் தடவுகிறார்கள். தடவியதும் தண்ணீருக்கடியில் ஒளிச்சேர்க்கை குறைந்துவிடுகிறது. வயல் மூழ்கும் அளவுக்கு மழை வரும் என்று தெரிந்தால், ஒட்டும் திரவம் கலந்த தெளிப்பை நெல்லுக்குத் தள்ளிப்போடுங்கள்.